அழுத்தம், வெப்பம், அரவை: வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரத்தின் தேர்வும் பயன்பாடும்

எஸ்பிரெஸோவின் இலக்கணம்

மிக நுண்ணியதாக அரைத்து இறுக்கப்பட்ட காபிப்பொடியின் ஊடாக, கொதிநிலைக்குச் சற்றே கீழான வெப்பமுடைய நீரை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்திற்குள் வடித்தெடுக்கப்படும் அடர்ந்த சிறு கோப்பைக் காபியே எஸ்பிரெஸோ ஆகும். தென்னிந்திய பில்டரில் வெந்நீர் தன் எடையினால் மட்டுமே பொடிக்குள் இறங்குவதால், டிகாக்ஷன் முழுவதும் வடியக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. எஸ்பிரெஸோ முறையிலோ நேரம் செய்யும் வேலையை அழுத்தம் செய்துவிடுகிறது. பொடியில் கரையக்கூடிய பொருள்களோடு எண்ணெய்த் துளிகளும் நுண்துகள்களும் சேர்ந்து இறங்கி, பானத்துக்குக் கனத்தையும், மேற்பரப்பில் கிரெமா எனப்படும் பழுப்பு நிற நுரைப்படலத்தையும் தருகின்றன.

இம்முறை வட இத்தாலியில் உருவாயிற்று. துரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோந்தோ 1884ஆம் ஆண்டிலும், மிலான் நகரத்தைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா 1901ஆம் ஆண்டிலும் காப்புரிமை கோரிய இயந்திரங்கள் நீராவியின் உந்துதலையே நம்பியிருந்தன. ஆகவே அவற்றின் அழுத்தம் ஒன்றரை பார் அளவிலேயே நின்றது. பார் என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமான ஓர் அலகு. அதற்கு மேல் அழுத்தம் வேண்டுமானால் நீரை மேலும் சூடாக்க வேண்டியிருந்தமையால், காபி தீய்ந்து கசந்தது. சுருள்வில் பொருத்திய நெம்புகோலால் நீரை அழுத்தும் இயந்திரத்தை மிலானின் அகில்லே காஜ்ஜியா 1948ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இச்சிக்கல் தீர்ந்தது. கிரெமாவும் அப்போதுதான் முதன்முதலாகக் கோப்பையில் தோன்றியது. 1961ஆம் ஆண்டில் ஃபயேமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரம், மனிதக் கையின் வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டின் வழிவந்தவையே இன்றைய வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை.

இத்தாலிய தேசிய எஸ்பிரெஸோ நிறுவனம் வகுத்துள்ள மரபான அளவின்படி, 7 கிராம் பொடியிலிருந்து, 88 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 9 பார் அழுத்தமும் கொண்ட நீரால், 25 விநாடியில், 25 மில்லிலிட்டர் காபி வடிக்கப்பட வேண்டும். இன்று வீடுகளில் பெரிதும் பின்பற்றப்படுவது இதன் விரிந்த வடிவமாகும்: 18 கிராம் பொடியிலிருந்து, 90 முதல் 96 டிகிரி வரையிலான நீரால், 25 முதல் 30 விநாடிக்குள், 36 கிராம் காபி எடுக்கப்படுகிறது. பொடியைப் போல் இரு மடங்கு எடையில் பானம் என்ற இந்த விகிதமே இவ்வத்தியாயத்தில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

இயந்திரத்தின் உறுப்புகள்

விளம்பரங்கள் எத்தனை வசதிகளைப் பட்டியலிட்டாலும், எஸ்பிரெஸோ இயந்திரம் செய்யும் வேலைகள் இரண்டே: நீரைக் குறிப்பிட்ட வெப்பத்தில் நிலையாக வைத்திருத்தல், அந்நீரைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் சீராகச் செலுத்துதல். வாங்குவோர் இவ்விரண்டையும் உரைகல்லாகக் கொண்டால் கடைக்காரரின் சொல்லலங்காரத்தில் மயங்க நேராது.

வீட்டு இயந்திரங்களின் பெட்டிகளில் 15 பார், 20 பார் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது அதிர்வுப் பம்ப் எட்டக்கூடிய உச்ச அழுத்தமேயன்றி, காபி வடிப்பதற்குத் தேவையான அழுத்தம் அன்று. தேவை 9 பார் மட்டுமே என்பதால், மிகை அழுத்தத்தை வெளியேற்றித் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் வால்வு ஒன்று இயந்திரத்தில் உள்ளதா என்றும், அது 9 பாருக்கு அமைக்கப்பட்டுள்ளதா என்றும் கேட்டறிவதே பயனுடையது.

பொடியை ஏந்தும் கைப்பிடியுடன் கூடிய உறுப்பு போர்ட்டாஃபில்டர் எனப்படும். அதனுள் பொருந்தும் துளையிட்ட கிண்ணம் வடிகூடை ஆகும். கடைகளில் பயன்படும் பெரிய இயந்திரங்களின் வடிகூடை 58 மில்லிமீட்டர் விட்டமுடையது. சிறிய வீட்டு இயந்திரங்களில் 51, 54 மில்லிமீட்டர் அளவுகளும் உண்டு. இவற்றிலும் நல்ல காபி வடிக்க இயலும் எனினும், உதிரிபாகங்களும் துணைக்கருவிகளும் 58 மில்லிமீட்டர் அளவிலேயே எளிதில் கிடைக்கின்றன.

வடிகூடைகள் இருவகைப்படும். அடிப்பாகம் முழுவதும் துளைகள் கொண்டது சாதாரணக் கூடை. இரட்டை அடிப்பாகமும் வெளிப்புறத்தில் ஒரேயொரு நுண்துளையும் கொண்டது அழுத்தக் கூடை. அது பொடியின் நயத்தைப் பொருட்படுத்தாமல் தானே அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். கடையில் அரைத்து வாங்கிய பொடிக்கு அழுத்தக் கூடை கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அதிலிருந்து வரும் நுரை, துளையின் வழியே பீய்ச்சப்பட்டதால் விளைந்த நுரையாகுமே தவிர, காபியின் தரத்துக்குச் சான்றாகாது. எனவே இரு கூடைகளும் பொருந்தும் இயந்திரத்தையே வாங்குவது நன்று.

நீரைச் சூடாக்கும் நான்கு முறைகள்

விலையையும் பயன்பாட்டையும் பெரிதும் தீர்மானிப்பது நீரைச் சூடாக்கும் அமைப்பாகும். முதல் வகையான தெர்மோபிளாக்கில், நீர் சூடான உலோகத் தடத்தின் வழியே ஓடும்போதே வெப்பம் பெறுவதால், ஒரு நிமிடத்திற்குள் இயந்திரம் தயாராகிவிடுகிறது. ஆயினும் அதன் உலோகப் பகுதிகள் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் அளவு கனமானவை அல்லவாதலால், பொடியிடும் முன் ஒருமுறை வெறும் வெந்நீரை ஓடவிட்டுப் போர்ட்டாஃபில்டரையும் கோப்பையையும் சூடேற்றிக்கொள்வது அவசியம்.

இரண்டாம் வகை ஒற்றைக் கொதிகலன் இயந்திரம். காஜ்ஜியா கிளாசிக், ரான்சீலியோ சில்வியா ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். ஒரே கொதிகலன் காபிக்கு ஒரு வெப்பத்திலும் பால் நுரைப்பதற்கான நீராவிக்கு அதைவிட உயர்ந்த வெப்பத்திலும் இயங்க வேண்டியிருப்பதால், காபியை வடித்தபின் நீராவி திரளும் வரை காத்திருக்க வேண்டும். நீராவி எடுத்தபின் அடுத்த காபிக்கு முன் சிறிது வெந்நீரை வெளியேற்றிக் கொதிகலனைத் தணிக்கவும் வேண்டும். இதைச் செய்யாவிடில் அடுத்த கோப்பை தீய்ந்த சுவையோடு வரும். ஒன்றிரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு இவ்வகை போதுமானது. நால்வருக்குப் பால் காபி தர வேண்டிய வீட்டில் இது பொறுமையைச் சோதிக்கும்.

மூன்றாவதான வெப்பமாற்றி வகையில், நீராவிக்கான பெரிய கொதிகலனுக்குள் ஒரு குழாய் செல்ல, காபிக்கான நீர் அக்குழாயின் வழியே ஓடிச் சூடாகிறது. நான்காவதான இரட்டைக் கொதிகலன் வகையில் காபிக்கும் நீராவிக்கும் தனித்தனிக் கொதிகலன்கள் அமைந்துள்ளன. இவ்விரண்டிலும் காபியும் பாலும் ஒரே வேளையில் தயாராகும். விலையும், எடையும், மின்செலவும் அதற்கேற்ப மிகும். போர்ட்டாஃபில்டர் மாட்டப்படும் ஈ61 வகைத் தலைப்பகுதி ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள பித்தளையாதலால், அது முழுவதும் சூடேற அரை மணி நேரம் வரை ஆகும் என்பதையும், காலையில் அவசரமாகக் கிளம்பும் வீட்டினர் கருத்தில் கொள்ள வேண்டும்.

எவ்வகையாயினும், வெப்பத்தை அடிக்கடி அளந்து சூடேற்றியைச் சிறிது சிறிதாக இயக்கும் பி.ஐ.டி. என்னும் மின்னணுக் கட்டுப்பாடு இருப்பது நன்மை தரும். பழைய வெப்பச்சாவி மட்டுமுள்ள இயந்திரத்தில் நீரின் வெப்பம் பல டிகிரிகள் ஏறியிறங்குவதால், இன்றைய கோப்பை நேற்றையதைப் போல் அமைவதில்லை.

அரவை இயந்திரம்

ஒன்பது பார் அழுத்தத்தோடு வரும் நீரைத் தடுத்து நிறுத்தி, அதனை அரை நிமிடம் தாமதிக்கச் செய்வது பொடியின் நுண்மை ஒன்றே. பொடி சற்றுக் கரகரப்பாக இருந்தால் நீர் பத்து விநாடியில் பாய்ந்துவிடும். மாவாக இருந்தால் சொட்டுகூட இறங்காது. ஆகவே எஸ்பிரெஸோவின் தரத்தை இயந்திரத்தைக் காட்டிலும் அரவையே தீர்மானிக்கிறது என்பதை வாங்குவோர் முதலிலேயே உணர்ந்துகொள்ள வேண்டும்.

மிக்ஸியின் கத்தி கொட்டையைச் சிதைக்கிறதேயன்றி அரைப்பதில்லை. அதிலிருந்து தூசியும் குருணையும் கலந்தே வருவதால் எஸ்பிரெஸோவுக்கு அது உதவாது. பல்வரிசை கொண்ட இரு எஃகு வட்டுகளோ, ஒன்றனுள் ஒன்று பொருந்திய கூம்புகளோ கொட்டையை நெரித்து அரைக்கும் கிரைண்டரே வேண்டும். அவற்றுக்கிடையிலான இடைவெளியை மிகச் சிறு அளவுகளில் மாற்றவும் இயல வேண்டும். பில்டர் காபிக்கும் பிரெஞ்சு பிரஸுக்கும் ஏற்ற பல கிரைண்டர்கள், எஸ்பிரெஸோவின் எல்லைக்குள் இரண்டு மூன்று படிகள் மட்டுமே கொண்டிருப்பதால், ஒரு படியில் காபி வேகமாக ஓடுவதும் அடுத்த படியில் அடைத்துக்கொள்வதும் நேரும். மின்சாரக் கிரைண்டருக்குப் பணம் போதாதவர்கள் தரமான கைக்கிரைண்டர் ஒன்றை வாங்கலாம். 18 கிராம் கொட்டையை அரைக்க ஓரிரு நிமிட உழைப்பு தேவைப்படினும், அரவையின் சீர்மையில் அது விலை மிகுந்த மின்கருவிகளுக்கு ஈடுகொடுக்கும்.

வாங்குமுன் வீட்டில் பார்க்க வேண்டியவை

பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் 1000 முதல் 1500 வாட் வரை மின்சாரம் இழுப்பவை. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 1380 வாட் ஆதலால், சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் உள்ள இடத்தையே இயந்திரத்துக்கு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக வரவழைக்கப்படும் இயந்திரங்கள் 120 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றை இந்தியாவிலோ இலங்கையிலோ நேரடியாக இணைத்தால் சூடேற்றியும் பம்பும் எரிந்துபோகும்.

தண்ணீரின் தன்மை இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் கொதிகலனில் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கி, நீர் செல்லும் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். அதற்கு அஞ்சி, உப்பே இல்லாத நீரைப் பயன்படுத்துவதும் தவறாகும். அத்தகைய நீரில் காபியின் சுவை சப்பென்று இருப்பதோடு, உலோகமும் அரிக்கப்படலாம். நீர்மட்டத்தை மின்கடத்தல் வழியே அறியும் கொதிகலன்களில், நீர் இருந்தும் இல்லையென்று உணர்கருவி பிழையாகக் காட்டவும் கூடும். லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை கடினத்தன்மையுள்ள நீர் பொருத்தமானது, ஆர்.ஓ. கருவியில் உப்பளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பின் அதைக் கொண்டு ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். பழுதுபார்ப்போர் அருகில் உள்ளனரா, கேஸ்கெட், பம்ப் போன்ற உதிரிபாகங்கள் தனியே கிடைக்கின்றனவா என்பனவற்றையும் விசாரித்த பின்னரே விலை பேசத் தொடங்குவது நல்லது.

காபிக்கொட்டை

சிக்கரி கலந்த பொடி எஸ்பிரெஸோ இயந்திரத்துக்கு உரியது அன்று. காபியைவிடச் சிக்கரி மிகுதியாக நீரில் கரைவதால், இறுக்கிய பொடி நிலைகுலைந்து, நீரோட்டம் கட்டுக்கு அடங்காமல் போகும். எனவே கலப்பில்லாத கொட்டையையே வாங்கி, வடிக்கும் வேளையில் அரைக்க வேண்டும். சிக்கமகளூர், குடகு, ஏற்காடு, நீலகிரி ஆகிய பகுதிகளின் அராபிகா நறுமணத்தையும் இனிமையையும் தரும். அதனோடு பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை நல்ல ரொபஸ்டா சேர்த்தால் கனமும் கிரெமாவும் கூடும். மேற்குக் கடற்கரையின் பருவக்காற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தப்படும் மான்சூன்ட் மலபார் கொட்டை, புளிப்புக் குறைந்து கனம் மிகுந்திருப்பதால், ஐரோப்பிய எஸ்பிரெஸோக் கலவைகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது.

வறுத்த தேதி அச்சிடப்படாத பொட்டலத்தைத் தவிர்ப்பது நலம். வறுத்தவுடன் கொட்டையிலிருந்து கரியமிலவாயு மிகுதியாக வெளியேறுவதால், ஒரு வாரமாவது ஆறவிட்டுப் பயன்படுத்தத் தொடங்கி, ஒன்றரை மாதத்திற்குள் முடித்துவிட வேண்டும்.

வடிக்கும் முறை

இயந்திரத்தை முழுவதும் சூடேற விட்டு, போர்ட்டாஃபில்டரை அதன் இடத்திலேயே மாட்டிவைத்திருக்க வேண்டும். பின்னர் அதைக் கழற்றி, ஈரமின்றித் துடைத்து, பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசில் 18 கிராம் பொடியை நிறுத்து இட வேண்டும். கூடையின் கொள்ளளவு சிறிதாயின் அதற்குரிய அளவை இட்டு, இரு மடங்கு என்னும் விகிதத்தை மட்டும் காத்துக்கொள்ளலாம். பொடியில் கட்டிகள் இருந்தால் மெல்லிய ஊசியால் அடிவரை கிளறி உடைத்து, மேற்பரப்பைச் சமப்படுத்திய பின், டேம்பர் எனப்படும் தட்டையான அழுத்தியால் நேராக ஒருமுறை அழுத்த வேண்டும். எவ்வளவு வலுவாக அழுத்துவது என்பதைவிட, சாய்வின்றி அழுத்துவதே முக்கியம்; ஒரு பக்கம் சாய்ந்தால் மெலிந்த பக்கத்தைத் தேடி நீர் பாய்ந்து, அங்குள்ள பொடி கசந்தும் மறுபக்கத்துப் பொடி நனையாமலும் போகும்.

தராசின் மீது கோப்பையை வைத்து, பம்பை இயக்கும் கணத்திலேயே விநாடிகளையும் எண்ணத் தொடங்க வேண்டும். ஐந்து முதல் எட்டு விநாடிகளில் கரும்பழுப்பான முதல் துளிகள் தோன்றி, பின்னர் அவை இணைந்து, இத்தாலியக் காபிக்கடைக்காரர்கள் எலிவால் என்று வருணிக்கும் மெல்லிய தாரையாக, தேனின் அடர்த்தியோடு இறங்கும். நேரம் செல்லச் செல்லத் தாரை வெளிறி, மஞ்சள் கலந்து, நீர்த்துப் போகும். தராசு 33 அல்லது 34 கிராம் காட்டும்போதே பம்பை நிறுத்திவிட்டால், எஞ்சிய துளிகள் விழுந்து எடை 36 கிராமை எட்டும்.

சுவை வழியே திருத்துதல்

காபி 15 விநாடியில் ஓடி வந்து, புளித்து, நீர்த்திருந்தால், பொடியிலிருந்து சாரம் போதிய அளவு இறங்கவில்லை என்று பொருள். அரவையை நுண்மையாக்க வேண்டும். 45 விநாடியாகியும் சொட்டிக்கொண்டே இருந்து, கசந்து, நாவை வறளச் செய்தால், சாரம் மிகையாக இறங்கியுள்ளது. அரவையைச் சற்றுக் கரகரப்பாக்க வேண்டும். நேரம் சரியாக இருந்தும் புளிப்பும் கசப்பும் ஒருங்கே தோன்றுமாயின், பொடி சமமாகப் பரப்பப்படாமல் நீர் ஓரிடத்தில் துளைத்துச் சென்றிருக்கக்கூடும் என்பதால், அரவையை மாற்றாமல் கிளறுவதிலும் அழுத்துவதிலும் கவனம் செலுத்த வேண்டும்.

ஒரு கோப்பைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்வது இங்கே கடைப்பிடிக்க வேண்டிய விதி. பொடியின் எடையையும் பானத்தின் எடையையும் மாற்றாமல் நிறுத்தி, அரவையை மட்டும் சிறிது சிறிதாகத் திருத்தினால், புதிய கொட்டை ஒன்றுக்கு மூன்று நான்கு கோப்பைகளில் பொருத்தமான நிலை அமைந்துவிடும். கொட்டை நாள்பட நாள்பட நீரோட்டம் வேகமடைவதால், அரவையை அவ்வப்போது சற்று நுண்மையாக்க வேண்டியிருக்கும்.

பால் நுரைத்தல்

குளிர்ந்த பாலே நுரைப்பதற்கு ஏற்றது. பாக்கெட் பால் பாஸ்டரைஸ் செய்யப்பட்டதாதலால் குளிர்பெட்டியிலிருந்து நேரே பயன்படுத்தலாம். காய்ச்சி ஆறவைத்த பாலாயின் ஏட்டை முழுவதும் நீக்கிக் குளிரவைக்க வேண்டும். 4.5 சதவீதக் கொழுப்புள்ள பால், 3 சதவீதமுள்ள பாலைவிட வழுவழுப்பான நுரையைத் தரும். நீராவிக் குழாயை ஒருமுறை திறந்து தேங்கிய நீரை வெளியேற்றி, அதன் முனையைப் பாலின் மேற்பரப்பை ஒட்டி வைத்து, காகிதம் கிழிவது போன்ற மெல்லொலியுடன் சில விநாடிகள் காற்றைப் புகுத்த வேண்டும். பாத்திரம் உடல்வெப்பத்தை எட்டியதும் முனையைச் சற்று ஆழ்த்தி, பால் சுழன்று பெருங்குமிழிகள் கரையுமாறு செய்ய வேண்டும். 60 முதல் 65 டிகிரிக்குள், அதாவது பாத்திரத்தைத் தொடர்ந்து கையால் பிடிக்க இயலாத நிலையில், நீராவியை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் பாலின் இனிமை குன்றி, காய்ச்சிய வாடை மேலோங்கும். குழாயில் ஒட்டிய பாலை உடனே ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் ஒருமுறை நீராவியைத் திறந்துவிடத் தவறினால், உள்ளே பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பராமரிப்பு

ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னும் வெறும் வெந்நீரை ஓடவிட்டுத் தலைப்பகுதியின் சல்லடையைக் கழுவ வேண்டும். வடித்து முடித்ததும் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் மூவழி வால்வு உள்ள இயந்திரங்களில், துளையில்லாக் கூடையில் அதற்குரிய சலவைப்பொடியை இட்டுப் பம்பை விட்டுவிட்டு இயக்கி, எண்ணெய்க் கசடை வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை அகற்ற வேண்டும்; அவ்வால்வு இல்லாத இயந்திரங்களில் இம்முறையைக் கையாளக் கூடாது. சுண்ணாம்புப் படிவை நீக்கச் சிட்ரிக் அமிலம் பயன்படும் எனினும், அலுமினியக் கொதிகலன்களை அது அரிக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் கையேடு கூறும் கரைசலையும் இடைவெளியையும் மீறலாகாது. போர்ட்டாஃபில்டரின் ஓரத்தில் நீர் கசியத் தொடங்கினால், ரப்பர் கேஸ்கெட் இறுகிவிட்டது என்று அறிந்து மாற்றிவிட வேண்டும்.

தேர்வு குறித்த முடிவு

பாலும் சர்க்கரையும் கலந்த டிகாக்ஷன் காபியே விருப்பமெனில், பித்தளை பில்டரே போதுமானது. எஸ்பிரெஸோ இயந்திரம் அதற்கு மாற்றாகாது. சிறு கோப்பையில் அடர்ந்த காபியை விரும்புவோர், ஒதுக்கிய தொகையில் பாதிக்குக் குறையாமல் கிரைண்டருக்கும் தராசுக்கும் வைத்து, எஞ்சியதில் 9 பாருக்கு அமைந்த வால்வும் சாதாரண வடிகூடையும் கொண்ட எளிய இயந்திரத்தை வாங்குவதே அறிவுடைமை. நாள்தோறும் மூன்று நான்கு பால் காபி தேவைப்படும் வீடுகள் மட்டுமே வெப்பமாற்றி அல்லது இரட்டைக் கொதிகலனுக்குச் செலவிடத் தக்கவை. கிரைண்டர், இயந்திரம் இரண்டுக்கும் பணம் போதாதவர்கள் முதலில் கிரைண்டரை வாங்கிக்கொள்ளலாம். இயந்திரம் வரும்வரை அது பில்டர் காபிக்கும் பயன்படும்.